பொம்மியின் முதுகில் தினையளவு பொருக்குகள்: தெள்ளுக்கடியும் கைவைத்தியமும், ஒரு பூனையின் 74 நாட்கள்

பொம்மி எங்கள் வீட்டுப் பூனை. நான்கு வயது, கருத்தடை செய்தது, வெள்ளையும் கறுப்பும் செம்பட்டையும் கலந்த நிறம், எடை 3.1 கிலோ. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய ஓட்டு வீடு எங்களுடையது. சிவப்பு சிமென்ட் தரையில் எத்தனை விரிசல் என்று எண்ணினால் பொழுது போய்விடும். இந்த வீட்டைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஐப்பசி அடைமழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பொம்மி வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக்கொள்கிறாள் என்று மகள்தான் முதலில் சொன்னாள். பூனை என்றால் நக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து, சோற்றுத் தட்டைப் பாதியில் விட்டு வாலடியைக் கடிக்கத் திரும்பியபோதுதான் தூக்கி மடியில் போட்டுப் பார்த்தேன். பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. விரலை முடிக்குள் விட்டு முதுகுத்தண்டோடு தடவினால் தினையைத் தூவி ஒட்டியதுபோல் சிறு சிறு பொருக்குகள். கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம், வால் தொடங்கும் இடத்தில் ஏராளம். அடிவயிற்றில் முடி மெலிந்து ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. அன்றுதான் ஒரு பழைய நோட்டில் 'நாள் 1' என்று எழுதினேன். இந்தக் கட்டுரையில் வரும் நாள் கணக்கு, எண்ணிக்கை எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆட்டிலும் நாயிலும் பூனையிலும் ஒட்டும் எல்லாவற்றுக்கும் 'உண்ணி' என்றே பெயர். உண்ணி வேறு. அது தோலில் கடித்துக்கொண்டு அப்படியே உப்பிப்போய் நிற்கும். பூனையைப் பாடாய்ப்படுத்துவது தெள்ளுப்பூச்சி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், பக்கவாட்டில் நசுக்கி வைத்ததுபோல் உடம்பு. அதனால்தான் முடிக்குள் மீன் நீந்துவதுபோல் ஓடுகிறது. விரலில் பிடித்தால் நழுவும், விட்டால் ஒரு முழத்துக்கு எகிறும். பிளேக் நோயைப் பரப்பியதில் பேர்போன எலித்தெள்ளு இதன் உறவு, ஆனால் வேறு இனம். இது பூனைத்தெள்ளு. பெயர்தான் அப்படி, நாய்களின் மேல் பெரும்பாலும் இருப்பதும் இதுவே.

மஞ்சள், அப்புறம் கற்பூரம்

நாள் 2 காலையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். வீட்டில் யாருக்கு அரித்தாலும் அதுதான் வழக்கம். பொம்மி மஞ்சளானாள், மெத்தை விரிப்பு மஞ்சளானது, மறுநாள் பார்த்தால் ஓடிய ஒரு தெள்ளும் லேசாக மஞ்சளாக இருந்ததாக மகள் சத்தியம் செய்கிறாள். அரிப்பு குறையவில்லை. பூசியதில் பாதியை அவள் நக்கித் தீர்த்தாள், நல்லவேளையாக அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நாள் 3 மாலை என் மாமியார் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினார். "ஏம்மா, புள்ளைக்குக் கொசு கடிச்சா இதத்தான தடவுவோம், வாயில்லா ஜீவன், அதுக்கும் தடவிவிடு" என்றார். "சரி அத்தை" என்று வாங்கி நான்தான் தடவினேன், முதுகு முழுக்க, தாராளமாக. அவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகத் தொடங்கியது. அப்புறம் நடை தள்ளாடியது. பின்னங்கால்கள் லேசாக நடுங்கின. கண்ணின் கருமணி விரிந்து, கூப்பிட்டால் திரும்பவில்லை. பழகிய கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். நாங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்றுதான் சொல்வோம், ஊரில் பூனைக்கும் அவரே.

"என்னம்மா தடவினீங்க?"

"கற்பூர எண்ணெய் டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வாந்தி எடுக்க வைக்காதீங்க. வலிப்பு வந்தா எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி போட்டு எண்ணெய் போற வரைக்கும் கழுவுங்க. துவட்டி, துண்டுல சுத்தி, உடனே தூக்கிட்டு வாங்க."

மூன்று முறை கழுவினோம். ஆட்டோவில் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டே வந்தாள். இரவு முழுக்க அவருடைய மேற்பார்வையில் வைத்திருந்து, விடியற்காலையில் சோறு கேட்டுக் கத்திய பிறகுதான் எங்களை விட்டார்.

அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் நோட்டின் அட்டையில் இருக்கிறது: பூனைக்குப் பூசுவதெல்லாம் பூனை தின்பதுதான். நாம் தடவிக்கொண்ட தைலம் நம் தோலில் இருக்கும். பூனை தான் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை உடம்பை நக்கியே கழிக்கிறது. முதுகில் வைத்தது எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் வயிற்றில். அத்தோடு பூனையின் கல்லீரலில் ஒரு குறை உண்டு. உடம்புக்குள் வந்த பல வேதிப்பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கரையவைத்து வெளியேற்றும் நொதி ஒன்று மனிதனுக்கும் நாய்க்கும் வேலை செய்கிறது. பூனைக்கு அந்த நொதிக்கான மரபணுவே பழுதுபட்டுக் கிடக்கிறது. நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் பூனையைக் கொல்வது இதனால்தான். வாசனை எண்ணெய்களில் உள்ள பல பொருள்களுக்கும் பூனை இதே கதியில்தான் நிற்கிறது. ஊனுண்ணியாகவே வாழ்ந்த விலங்கு, செடிகொடிகளின் நஞ்சைச் சமாளிக்கும் தேவை அதற்கு அதிகம் வரவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

ஆக, கைவைத்தியம் என்று நம் வீட்டு அலமாரியில் இருப்பதில் மணம் தூக்கலாக உள்ள அத்தனையும் பூனைக்கு ஆகாத பக்கம். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய், கடையில் 'இயற்கை' என்று எழுதி விற்கும் டீ ட்ரீ எண்ணெய். வேப்பெண்ணெயையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். அரைத்த இலை வேறு, பிழிந்த எண்ணெய் வேறு. வேப்பெண்ணெய் பூசிய பூனைகள் எச்சில் வடித்து, நடுங்கி, சோர்ந்து வருவதுண்டு. பூண்டு, வெங்காயச் சாறு உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையும். மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது தோலைச் சுடும், நக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கும். சோற்றுக்கற்றாழையைப் பலரும் சொல்வார்கள். உள்ளே இருக்கும் தெளிந்த சோறு அல்ல பிரச்சினை, தோலுக்கடியில் வழியும் மஞ்சள் பால்தான். அது பூனைக்கு வாந்தியும் பேதியும் தரும், வீட்டில் வெட்டும்போது அதை முழுக்கப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. அரிப்புக்கு நாம் தடவும் காலமைனில் துத்தநாக ஆக்சைடு, அதுவும் நக்கக் கூடாது. இவ்வளவையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். "தண்ணி இருக்கு, சீப்பு இருக்கு, வெயில் இருக்கு, போதாதா?" என்றார் டாக்டர். அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

டாக்டர் பார்த்தது

பேன் சீப்பு போன்ற நெருக்கமான இரும்புச் சீப்பால் வாலடியில் நாலு இழுப்பு. சீப்பில் வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். ஒரு நிமிடத்தில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் படர்ந்தது. அழுக்கென்றால் கறுப்பாகவே நிற்கும், தெள்ளின் கழிவென்றால் அது செரித்த இரத்தம், தண்ணீர் பட்டதும் சிவக்கும். இந்தச் சோதனைக்கு மருத்துவர்கூடத் தேவையில்லை.

உயிருள்ள தெள்ளு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. இரவு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தோம் என்பது ஒரு காரணம். "அப்ப இவ்வளவு பொருக்கு ஏன்?" என்று கேட்டேன். பொம்மிக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது என்றார். கடிக்கும்போது உள்ளே விடும் எச்சிலில் உள்ள புரதங்களுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டுகிறது. அப்படிப்பட்ட பூனைக்கு நூறு தெள்ளு வேண்டாம், ஒன்றிரண்டு கடியே பல நாள் அரிப்புக்குப் போதும். அதிலும் அரிப்பெடுத்த பூனை நக்கி நக்கித் தெள்ளைத் தின்றுவிடும், ஆகவே பூனையின் மேல் தெள்ளைக் காணோம் என்பதை வைத்துத் தெள்ளு இல்லை என்று சொல்ல முடியாது. தினையளவு பொருக்குக்கு மருத்துவத்தில் உள்ள பெயரும் லத்தீனில் தினை வகையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்ததாம்.

ஈற்றை விரலால் அழுத்திப் பார்த்தார், ரோஸாகத்தான் இருந்தது. வெளுத்திருந்தால் இரத்தசோகை. வளர்ந்த பூனைக்கு அது அரிது, குட்டிக்கு வெகு சீக்கிரம் வரும், உயிரையே எடுக்கும். ஆசனவாயருகே காய்ந்த அரிசிமணிபோல் ஒட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழுவின் முட்டையைத் தெள்ளின் இளம்புழு தின்கிறது, தெள்ளு வளர்ந்ததும் பூனை அதை நக்கி விழுங்குகிறது, குடலில் புழு வளர்கிறது. பிராசிகுவாண்டல் மாத்திரை ஒன்று அங்கேயே கொடுத்தார். படர்தாமரையும் காதுப் பூச்சியும் இல்லை என்று பார்த்துத் தள்ளினார்.

தெள்ளைக் கொல்லப் பிடரியில் விடும் சொட்டு மருந்து உண்டு. ஆனால் கற்பூரத்தில் அடிபட்ட உடம்பு, தோலெல்லாம் கீறல், ஒரு வாரம் போகட்டும் என்றார். அந்த ஒரு வாரம்தான் இந்த நிகழ்வை எழுதக் காரணம். மருந்து எதுவும் தடவாமல், தண்ணீரும் சீப்பும் மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அளந்து பார்க்கக் கிடைத்த ஏழு நாட்கள்.

ஏழு நாட்கள்

அரிப்பை எப்படி அளப்பது? மகள் வழி கண்டுபிடித்தாள். இரவு சீரியல் ஓடும் அரை மணி நேரம் பொம்மி எங்கள் காலடியில்தான் படுத்திருப்பாள். அந்த அரை மணியில் எத்தனை முறை சொறிகிறாள், கடிக்கிறாள் என்று கோடு போடுவது. நாள் 5 அன்று 17. தெள்ளின் எண்ணிக்கைக்குச் சீப்பு.

முதலில் கழுத்துக்குக் கூம்பு. கடையில் வாங்கலாம், எங்களிடம் பழைய எக்ஸ்ரே படம் இருந்தது. வெட்டிக் கூம்பாக்கி, ஓரத்தில் துணி நாடா ஒட்டினோம். பாட்டியின் இடுப்பெலும்பு தெரியும் கூம்போடு பொம்மி திண்ணையில் உட்கார்ந்திருந்ததைத் தெருவே வந்து பார்த்தது. கூம்பு அரிப்பைக் குறைக்காது. ஆனால் நக்கி நக்கிப் புண்ணாவதைத் தடுக்கும், புண்ணானால்தான் சீழ் பிடிக்கும். சோற்று நேரத்தில் கழற்றிவிடுவோம். அதோடு பின்னங்கால் நகங்களின் கூர்முனையை மட்டும் வெட்டினோம், உள்ளே தெரியும் ரோஸ் நரம்பு வரை போகாமல்.

குளிர்ச்சி. இதைவிட எளிய நிவாரணம் இல்லை, இதைவிட உடனடியானதும் இல்லை. மண்பானைத் தண்ணீரில் மல் வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அரிக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் வைத்து எடுப்பது, நாளுக்கு மூன்று நான்கு தடவை. குளிர்ச்சி பட்டால் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் சுருங்கி வீக்கம் குறையும், நரம்பு அரிப்பைச் சொல்வதும் மந்தமாகும். ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. முதல் நாள் துணியைக் கண்டு ஓடினாள். மூன்றாம் நாள் துணியை எடுத்தாலே வந்து குப்புறப் படுத்தாள். என்னைக் கேட்டால் இந்த ஆய்வில் பொம்மி தானே ஓட்டுப் போட்ட சிகிச்சை இது ஒன்றுதான்.

கீறலில் கசிந்து பொருக்குத் தட்டியிருந்த இடங்களுக்கு உப்புநீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, சுமார் ஒன்றரை டீஸ்பூன். இரத்தத்தின் உப்பளவுக்கு இது சமம், அதனால் எரியாது. பஞ்சில் நனைத்து ஊறவைத்தால் பொருக்கு தானே கழலும். பிய்க்கக் கூடாது. டெட்டால் போன்ற கிருமிநாசினியை ஊற்றுவது நம் கைப்பழக்கம், அந்த வகையில் உள்ள குளோரோசைலெனால் என்ற பொருள் பூனைக்கு ஆகாது. தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் என்பதை நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

நாள் 8 அன்று குளியல். பூனையைக் குளிப்பாட்டுவது பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா தெரியாது, கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனாலும் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கையில் சூடு பார்க்க வேண்டும். முதலில் கழுத்தைச் சுற்றி வளையமாக நுரை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் தெள்ளுகள் எல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். வாசனை இல்லாத மென்மையான சோப்பு போதும், தெள்ளைக் கொல்வது மருந்தல்ல, நுரைதான். வெறுந்தண்ணீரில் தெள்ளு மிதக்கும். சோப்பு கலந்தால் தண்ணீரின் மேற்பரப்பு இறுக்கம் போய் மூழ்கிவிடும். சீப்பை முக்கும் கிண்ணத்திலும் இதனால்தான் இரண்டு சொட்டு சோப்பு.

சோப்பை அலசியதும் ஓட்ஸ் நீர். அரிப்புக்கு ஓட்ஸ் என்பது பாட்டி வைத்தியம் போலத் தோன்றும், ஆனால் இதற்கு நல்ல அடிப்படை உண்டு. ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடு என்ற பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன, பீட்டா குளுக்கான் தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. நக்கினாலும் தீங்கில்லை. நாலு கரண்டி ஓட்ஸை மிக்ஸியில் மாவாக்கி, மெல்லிய துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்கினால் பால்போல் வெளுத்துவரும். அதைக் குவளையால் முதுகில் பத்து நிமிடம் விட்டுக்கொண்டே இருந்தேன். வெறும் ஓட்ஸ்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் எடுத்தது மசாலா ஓட்ஸ் பாக்கெட், வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் போட்டது. மகள் அட்டையைப் படிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு ஆட்டோப் பயணம் ஆகியிருக்கும்.

தேங்காய் எண்ணெய், கற்பூரம் இல்லாமல், பொருக்கு உதிர்ந்து காய்ந்த தோலுக்கு மட்டும், மிளகளவு. வறண்ட தோல் இளகும், அவ்வளவே. கூடினால் நக்கி வயிறு இளகும். தெள்ளை அது விரட்டியதாக எங்கள் நோட்டில் எந்தச் சான்றும் இல்லை.

இனி எண்கள். சொறிதல்: நாள் 5-இல் 17, நாள் 7-இல் 12, நாள் 10-இல் 9. ஏறக்குறைய பாதி. புதுக் கீறல் இல்லை, இரவில் தூங்கினாள், சோற்றைப் பாதியில் விடவில்லை. கைவைத்தியம் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன்.

ஆனால் சீப்பின் கணக்கு வேறு. நாள் 4-இல் 1 தெள்ளு, நாள் 5-இல் 4, நாள் 6-இல் 7, நாள் 7-இல் 11. குளித்த அன்று மாலை 2. நாள் 9-இல் 5, நாள் 10-இல் 8. ஒவ்வொரு இரவும் பிடித்தவற்றைச் சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்தோம், மறுநாள் அதைவிட அதிகம் வந்தது. அரிப்பு இறங்கிக்கொண்டே இருக்க, தெள்ளு ஏறிக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு வரிசையையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான், நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெள்ளு வேறெங்கோ இருக்கிறது என்று உறைத்தது.

வீடு

ஒரு பெண் தெள்ளு முதல் இரத்தம் குடித்த ஒன்றரை நாளுக்குள் முட்டையிடத் தொடங்கும். நன்றாக இடும் நாட்களில் 40, 50 கூட இடும். அந்த முட்டை பேன் ஈரைப்போல் முடியில் ஒட்டாது, உப்புத்தூள்போல் உதிர்ந்துவிடும். பூனை எங்கே படுக்கிறதோ அங்கே. அதிலிருந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, கட்டிலுக்கு அடியில், தரை விரிசலில், சாக்கு மடிப்பில் போய் ஒளியும். மேலிருந்து தூசோடு உதிரும் தெள்ளுக்கழிவுதான் அதற்குச் சாப்பாடு. பூனையின் இரத்தத்தைத் தாய் குடித்துப் பிள்ளைக்கு உதிர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பிசுபிசுப்பான கூடு கட்டித் தூசியைப் போர்த்திக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. சூடும் ஈரமும் சரியாக இருந்தால் முட்டையிலிருந்து தெள்ளாக மூன்று நான்கு வாரம். சரியாக இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். நடக்கும் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, ஏதாவது ஒன்று பட்டால் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் காலில் தெள்ளு ஏறுவது இதனால்.

ஆகவே எந்த நேரத்திலும் வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் பூனையின் மேல் ஓடும் வளர்ந்த தெள்ளு நூற்றுக்கு ஐந்து பங்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற 95 பங்கும் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டில். நான் ஏழு நாள் போராடியது அந்த ஐந்தோடு.

காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு காய்ந்து செத்துவிடும். சித்திரையில் எங்கள் வீட்டில் தெள்ளு இல்லாததற்கும் ஐப்பசியில் பெருகியதற்கும் அதுதான் காரணம். மாடியில் போட்டுக் காயவைக்க வெயில் இல்லை. நாள் 9 ஞாயிறு அன்று வீட்டையே புரட்டினோம். பொம்மி படுக்கும் சாக்கை எரித்தோம். விரிப்பு, தலையணை உறை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, காயாததை இஸ்திரி போட்டே காயவைத்தோம். வேக்குவம் கிளீனர் ஒன்றை இரவல் வாங்கி விரிசல் விரிசலாக இழுத்தோம். அதன் அதிர்வே கூட்டிலிருந்து தெள்ளைக் கிளப்பும் என்பதால் முடிந்ததும் பையைக் கட்டித் தெருவுக்கு அப்பால் கொண்டுபோனோம். பிறகு பத்து நாளும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். விரிசல்களை என் கணவர் சிமென்ட் பால் ஊற்றி அடைத்தார். ஐந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை, ஒரு தெள்ளு வந்து நடத்திவைத்தது.

சாம்பிராணிப் புகை போடலாமா என்று அத்தை கேட்டார். கூட்டுக்குள் இருக்கும் புழுவுக்குப் புகை எட்டாது, பூனைக்குத்தான் மூச்சு முட்டும். போடவில்லை.

வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு அறை அறையாக நடப்பது நல்ல சோதனை. கட்டில் இருந்த அறையில் இரண்டு நிமிடத்தில் மூன்று தெள்ளு ஏறின. முற்றத்தில் ஒன்றும் இல்லை. எங்கே வேலை அதிகம் என்று அப்படித்தான் தெரிந்தது. இரவில் விளக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்ததிலும் சில விழுந்தன. வேவு பார்க்க அது உதவும், ஒழிக்க உதவாது.

சொட்டு மருந்தும் அதற்குப் பிறகும்

நாள் 11-இல் செலமெக்டின், பிடரியில், எடைக்கு ஏற்ற அளவு. இதற்கு நடுவே பக்கத்து வீட்டு அண்ணன் தன் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று கொண்டுவந்தார். அட்டையில் பெர்மெத்ரின். நாய்க்கு ஆகும், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும், சாகவும் கூடும். நாய்க் குளியலுக்குப் போடும் அமிட்ராசும் பூனைக்குத் தரக் கூடாது. அன்பாகக் கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுப்பது சங்கடம்தான், கொடுத்தேன்.

இங்கே ஒரு வேடிக்கை. பெர்மெத்ரின் என்பது செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாகவே உள்ள பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செய்த நகல். செலமெக்டினின் மூலமோ ஜப்பானில் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிர் ஒன்று. அந்தக் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பூவிலிருந்து வந்த வழி பூனையைக் கொல்கிறது, மண்ணிலிருந்து வந்த வழி காக்கிறது. இயற்கை என்ற சொல்லை மருந்துக் கடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

நாள் 12-இல் சீப்பில் 3, மூன்றும் சோம்பலாகக் கால் அசைத்தன. நாள் 14-இல் 0. நாள் 16-இல் சீரியல் நேரத்தில் சொறிதல் 2. கூம்பைக் கழற்றினோம்.

நாள் 24-இல் மறுபடி மகளின் காலுறையில் ஒரு தெள்ளு. வீட்டில் ஒரே கலவரம். மருந்து பலிக்கவில்லை, இன்னொரு சொட்டு விடலாம் என்றார் கணவர். போனில் டாக்டர் தடுத்தார்: கூட்டில் மிச்சம் இருந்தவை இப்போது வருகின்றன, வரட்டும், பூனையின் மேல் ஏறினால் சாகும், முட்டையிட ஆள் இருக்காது. அப்படியே ஆனது. அந்த வாரம் காலுறையில் மொத்தம் ஐந்து, அடுத்த வாரம் ஒன்று, பிறகு இல்லை. இரண்டாவது சொட்டு நாள் 41-இல், மூன்றாவது நாள் 71-இல். நாடாப்புழுத் துண்டு திரும்ப வரவில்லை.

இந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பூனை ஒன்றே ஒன்று. கூம்பு, குளிர்துணி, உப்புநீர், ஓட்ஸ் எல்லாம் ஒரே வாரத்தில் செய்ததால் 17 என்பது 9 ஆனதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. கற்பூர எண்ணெயைக் கழுவியதே தோலுக்கு ஒரு நிம்மதியாக இருந்திருக்கலாம். கோடு போட்ட மகள் சீரியலில் ஒரு கல்யாணக் காட்சியின்போது பொம்மியை மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், அது நாள் 7.

எதிர்வீட்டு விறகுக் கொட்டகையில் ஒரு தாய்ப்பூனை மூன்று குட்டி போட்டிருந்தது, நாள் 30 வாக்கில் தெரிந்தது. தெள்ளு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடை கிடைத்த மாதிரிதான். குட்டிகளுக்கு ஐந்து வாரம்கூட இருக்காது. செலமெக்டின் எட்டு வாரத்துக்கு மேல்தான். இந்த வயதில் சீப்பு ஒன்றே வழி, அதுவும் நாளுக்கு இரண்டு முறை. ஒரு குட்டியின் ஈறு வெள்ளைத் தாள்போல் இருந்தது. அதைச் சீப்போடு நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் தூக்கிப் போனோம். பிழைத்தது. மற்ற இரண்டுக்கும் சீப்புப் போட அத்தைதான் போய்வந்தார், மடியில் ஈரத்துணி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு.

நாள் 74: பொம்மியின் அடிவயிற்றில் முடி முழுக்க மூடிவிட்டது. எடை 3.3 கிலோ. சீப்பில் முடி மட்டும்.